சோமாலிலாந்து சட்டமூலம்: வெளிநாட்டுக் காங்கிரஸ் எழுதும் சட்டத்தால் ஒரு நாடு உருவாகுமா?

கனகராயன்குளத்தான்

இஸ்ரேல் 2025 டிசம்பர் 26ஆம் திகதி சோமாலிலாந்தை அங்கீகரித்ததிலிருந்து இங்கே ஆளாளுக்குச் செய்தித் துண்டுகளைப் போட்டுக்கொண்டிருக்கிறோம். எனக்கு அந்தச் செய்தியைவிட, அதற்கு அரை வருடம் முந்தி வொஷிங்டனில் சமர்ப்பித்த ஒரு சட்டமூலம்தான் முக்கியமாகப் படுகிறது. அதை வைத்துக் கதைப்போம்.

பென்சில்வேனியா மாநில உறுப்பினர் ஸ்கொட் பெரி 2025 ஜூனில் பிரதிநிதிகள் சபையில் கொண்டுவந்தது அது. பெயர் 'சோமாலிலாந்து குடியரசு சுதந்திரச் சட்டம்'. மிகச் சிறியது. அந்த நிலத்துக்குச் சோமாலியா உரிமை கோருவது செல்லாது என்கிறது. அதைத் தனி நாடாக அங்கீகரிக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் கொடுக்கிறது. அவ்வளவுதான் சாரம். இப்போது வெளிவிவகாரக் குழுவுக்குப் போயிருக்கிறது.

பின்னணி தெரியாதவர்களுக்கு: ஆபிரிக்காவின் கொம்பில் பிரித்தானியரின் கையில் இருந்த சோமாலிலாந்து 1960 ஜூன் 26இல் சுதந்திரமடைந்தது. ஐந்தே நாள். ஜூலை 1இல், இத்தாலியிடமிருந்து விடுபட்ட சோமாலியாவுடன் தானாகவே போய்ச் சேர்ந்தது. சேர்ந்த பிறகு ஆட்சியும் படையும் உத்தியோகமும் தெற்கின் கைக்குப் போயின. 1988இல் சோமாலியச் சர்வாதிகாரி சியாட் பரேயின் விமானங்கள், இன்று சோமாலிலாந்தின் தலைநகராக இருக்கும் ஹர்கெய்சாவின் விமான நிலையத்திலிருந்தே கிளம்பி அதே ஹர்கெய்சா நகரத்தின் மீது குண்டு போட்டன. வன்னியில் இருப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பரேயின் ஆட்சி விழுந்த பிறகு, 1991 மே 18இல், புராவோ நகரில் குலப் பெரியவர்களும் பரேயை எதிர்த்துப் போராடிய சோமாலிய தேசிய இயக்கமும் கூடி, பிரிந்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். நாங்கள் முள்ளிவாய்க்காலில் விளக்கேற்றும் அதே மே 18 அவர்களுக்குச் சுதந்திர தினம்.

அன்றிலிருந்து சொந்த நாணயம், சொந்தக் கடவுச்சீட்டு, பொலிஸ், நீதிமன்றம். 2003 ஜனாதிபதித் தேர்தலில் 80 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார் எதிர்க்கட்சி வேட்பாளர் சிலானியோ. ஆயுதம் தூக்கவில்லை. பொறுத்திருந்து 2010இல் வென்றார். 2024 நவம்பரிலும் பதவியில் இருந்த ஜனாதிபதி தோற்று, ஒழுங்காகக் கையளித்துவிட்டுப் போனார். இவ்வளவையும் செய்தும், இஸ்ரேல் அங்கீகரிக்கும் வரை 34 வருடமாக ஐ.நா. உறுப்பு நாடு ஒன்றுகூட அவர்களை அங்கீகரிக்கவில்லை.

இப்படியான சட்டமூலங்கள் தேவை என்பதுதான் என் நிலைப்பாடு. அங்கீகாரம் என்பது ஒரே ஒரு ஆளின் மேசையில் மட்டும் இருந்தால் அந்த மக்கள் காலமெல்லாம் வாசலில் நிற்க வேண்டியதுதான். சபையில் விவாதித்து, சாட்சி கேட்டு, எழுத்தில் வைத்தால் அது பதிவாகிறது. நேரம் வரும்போது கையில் எடுக்க ஒன்று இருக்கும்.

பரந்தன் மாஸ்ரர்

தம்பி, விசயத்தை ஒழுங்காக எழுதியிருக்கிறீர். முடிவோடுதான் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் அமெரிக்கச் சட்டத்தையே எடுப்போம். 2002இல் ஜெருசலேமில் பிறந்த ஒரு பிள்ளையின் கடவுச்சீட்டு வழக்கு இருக்கிறது. பிறந்த இடத்துக்கு 'இஸ்ரேல்' என்று போட்டுத் தாருங்கள் என்று பெற்றோர் கேட்டார்கள். கேட்டால் அப்படிப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று காங்கிரஸ் அதே வருடம் சட்டமும் இயற்றியிருந்தது. வெளிவிவகாரத் திணைக்களம் மாட்டேன் என்றது. வழக்கு இழுபட்டு இழுபட்டு 2015இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: வெளிநாடொன்றை அங்கீகரிக்கும் அதிகாரம் ஜனாதிபதிக்கு மட்டுமே உரியது, அதற்கு மாறாகக் காங்கிரஸ் அவரைப் பேச வைக்க முடியாது. சிவொடொவ்ஸ்கி எதிர் கெரி என்பது வழக்கின் பெயர். ஒரு பிள்ளையின் கடவுச்சீட்டில் ஒரு சொல்லைப் போட வைக்கக்கூட காங்கிரஸால் முடியவில்லை. இந்தச் சட்டமூலமும் 'அங்கீகரிக்கலாம்' என்றுதான் சொல்கிறது, 'அங்கீகரித்தாக வேண்டும்' என்று சொல்லவில்லை. ஏற்கெனவே அவரிடம் இருக்கிற அதிகாரத்தை அவருக்கே கொடுக்கிறார்கள்.

அதைவிட எனக்குப் பெரிய சந்தேகம் வேறு. பியாஃப்ரா 1967 மே 30இல் பிரிந்தது. தன்சானியா, காபோன், ஐவரி கோஸ்ட், சாம்பியா அங்கீகரித்தன, பிறகு ஹெயிட்டியும். வயிறு ஊதிய பிள்ளைகளின் படத்தை உலகமே பார்த்து அழுதது. 1970 ஜனவரியில் கதை முடிந்தது. வங்காளதேசம் 1971 மார்ச் 26இல் பிரகடனம் செய்தது. இந்தியா அங்கீகரித்தது டிசம்பர் 6இல், போர் தொடங்கிய பிறகு. பத்து நாளில் டாக்கா விழுந்தது. பியாஃப்ராவின் நியாயம் குறைந்த நியாயமா? அவர்களுக்குப் பக்கத்தில் ஓர் இந்தியா இருக்கவில்லை, அதுதான் வித்தியாசம்.

சோமாலிலாந்தின் பக்கம் இன்று கண் திரும்புவதும் பெர்பெராவால்தான். ஏடன் வளைகுடாவைப் பார்த்தபடி ஒரு துறைமுகம், சோவியத் காலத்தில் போட்ட நீண்ட ஓடுபாதை. 2003இல் 80 வாக்கில் தோற்றவர் பொறுமை காத்தாரே, அன்றைக்கு ஏன் யாரும் சட்டமூலம் எழுதவில்லை?

ஸ்காபரோ மாங்குளம்

மாஸ்ரர், உங்களிடம் வரலாறு படித்தவன் நான். மரியாதையோடுதான் எதிர்த்து எழுதுகிறேன்.

பெரிய நாடுகளின் நலன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். ஐஸ்லாந்தை எடுங்கள். அப்போது இரண்டரை இலட்சம் சனம் இருந்த தீவு, சொந்தமாக ஒரு படைகூட இல்லை. லிதுவேனியா 1990 மார்ச் 11இல் சுதந்திரம் அறிவித்தபோது பெரிய நாடுகள் எல்லாம் கோர்பச்சேவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. 1991 ஜனவரியில் வில்னியஸில் சோவியத் டாங்கிகள் ஆட்களை நசுக்கின. ஐஸ்லாந்துப் பாராளுமன்றம் பெப்ரவரி 11இல் கூடி, லிதுவேனியாவை 1922இல் நாங்கள் அங்கீகரித்தது இன்னும் செல்லுபடியாகும் என்று தீர்மானம் எடுத்தது. மொஸ்கோ தன் தூதுவரைத் திருப்பி அழைத்தது. ஐஸ்லாந்து பின்வாங்கவில்லை. அந்த வருட ஓகஸ்ட் 26இல் முழு இராஜதந்திர உறவு, செப்டெம்பர் 6இல் சோவியத் ஒன்றியமே அங்கீகரித்தது. இதில் ஐஸ்லாந்துக்கு என்ன துறைமுகம் கிடைத்தது?

இங்கே கனடாவில் 2022 மே 18இல் நாடாளுமன்றம் ஏகமனதாகத் தமிழின அழிப்பு நினைவு நாளை ஏற்றுக்கொண்டது. 2024 மே மாதம் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஈழத் தமிழருக்குச் சர்வசன வாக்கெடுப்பு வேண்டும் என்று ஒரு பிரேரணை சமர்ப்பிக்கப்பட்டது. இதெல்லாம் சும்மா வரவில்லை. பனியில் நின்று, உறுப்பினர்களின் அலுவலகக் கதவுகளைத் தட்டித் தட்டி வந்தது. பயனில்லை என்று நீங்கள் சொன்னால் அடுத்த தலைமுறை எதற்காகக் கதவைத் தட்டும்?

வவுனிக்குளம்

ஒரு கேள்வி. ஸ்காபரோ அண்ணை அங்கிருந்து எழுதலாம். இங்கே இருக்கிற நாங்கள் இந்தத் தலைப்பில் எழுதுவது பிரச்சினையாகாதா? ஆறாம் திருத்தம் என்று ஒன்று இருக்கிறதே.

கனகராயன்குளத்தான்

நல்ல கேள்வி தம்பி. இலங்கை அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம் 1983 ஓகஸ்டில் வந்தது. இலங்கைக்குள் தனி நாடு அமைப்பதை ஆதரிப்பது, ஊக்குவிப்பது, அதற்குப் பணம் கொடுப்பது எல்லாம் அதன்படி குற்றம், வெளிநாட்டில் இருந்து செய்தாலும் குற்றம். தனி நாட்டை ஆதரிக்க மாட்டோம் என்று அது கேட்ட சத்தியத்தைச் செய்ய மறுத்துத்தான் தமிழர் விடுதலைக் கூட்டணி எம்.பி.மார் ஆசனங்களை இழந்தார்கள். 2017 ஓகஸ்டில் நம்முடைய உயர் நீதிமன்றம், சமஷ்டி கேட்பது பிரிவினை கேட்பதாகாது என்று தமிழரசுக் கட்சி மீதான வழக்கில் சொன்னது.

நாங்கள் இங்கே கதைப்பது ஆபிரிக்காவின் கொம்பில் உள்ள ஒரு நாட்டையும் வொஷிங்டனில் உள்ள ஒரு சட்டமூலத்தையும் பற்றி. அதைப் படிப்பது குற்றமில்லை. ஸ்காபரோ அண்ணை, இங்கே வாசிப்பவர்களின் நிலைமையையும் மனதில் வைத்து எழுதுங்கள்.

பரந்தன் மாஸ்ரர்

ஸ்காபரோ தம்பிக்கு: ஐஸ்லாந்தின் துணிவை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தத் தீர்மானத்தை நீரே எழுதியபடி திரும்ப வாசியும். '1922இல் அங்கீகரித்தது இன்னும் செல்லும்' என்கிறது. லிதுவேனியா இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் தனி நாடாக இருந்தது. 1940இல் சோவியத் அதை விழுங்கியதை அமெரிக்கா ஐம்பது வருடம் ஏற்றுக்கொள்ளவே இல்லை. ஐஸ்லாந்து புதிதாக ஒரு நாட்டை அங்கீகரிக்கவில்லை, பழைய அங்கீகாரத்தை எடுத்துக் காட்டியது.

சோமாலிலாந்தும் அதே வாதத்தைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது. 1960இல் ஐந்து நாள் நாங்கள் நாடாக இருந்தோம், சேர்ந்தோம், இப்போது அந்தச் சேர்க்கையிலிருந்து விலகுகிறோம், எங்கள் எல்லை பிரித்தானியர் போட்ட எல்லை என்கிறது. குடியேற்ற கால எல்லைகளை மாற்றக் கூடாது என்ற 1964ஆம் ஆண்டின் கெய்ரோ தீர்மானத்துக்கு நாங்கள் எதிரில்லை, அதற்கு ஏற்றபடியே நடக்கிறோம் என்று ஆபிரிக்க ஒன்றியத்திடம் சொல்கிறது. பலமான வாதம், மறுக்கவில்லை. ஆனால் அது அவர்களுடைய வாதம். கண்ணில் பட்ட ஒவ்வொரு அங்கீகாரத்தையும் நம்முடையதாக எண்ணிப் படிக்கிற பழக்கத்தைத்தான் நான் எதிர்க்கிறேன்.

2024 பிரேரணை சட்டமூலமல்ல. அந்தக் காங்கிரஸ் 2025 ஜனவரி 3இல் முடிந்தபோது அதுவும் காலாவதியானது. கதவைத் தட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தட்டியதைத் திறந்ததாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

ஸ்காபரோ மாங்குளம்

அவர்களுடைய வாதம் வேறு என்கிறீர்கள். சரி. ஆனால் நடைமுறை அரசு என்றால் என்ன என்று வன்னியில் இருந்தவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2002க்குப் பிறகு கிளிநொச்சிக்கு வந்த வெளிநாட்டவர் எத்தனை பேர்? புலிகளின் நீதிமன்றம் இருந்தது, காவல்துறை இருந்தது, வைப்பகம் இருந்தது. ஓமந்தையைத் தாண்டினால் வேறொரு நிர்வாகம். மொண்டெவிடியோ உடன்படிக்கை 1933இல் கேட்ட நான்கும் என்ன? நிரந்தரச் சனம், வரையறுத்த நிலம், அரசாங்கம், மற்ற நாடுகளோடு உறவு வைக்கும் ஆற்றல். இதில் எது குறைவு?

பரந்தன் மாஸ்ரர்

நான் அந்த வருடங்கள் முழுவதும் இங்கே வகுப்பறையில் நின்றவன். ஆகவே சொல்கிறேன். என் சம்பளம் கொழும்பிலிருந்துதான் வந்தது. சாதாரண தரப் பரீட்சைத் தாள் முத்திரை உடையாத பொதியில் வந்தது, திருத்துவதற்குத் திரும்பிப் போனது. அரச கச்சேரி இயங்கியது. பிறப்பு, இறப்புப் பதிவு இலங்கை அரசின் படிவத்தில் நடந்தது. வைப்பகத்தில் போட்டதும் எடுத்ததும் மத்திய வங்கியின் ரூபாய்த் தாள்தான். ஹர்கெய்சாவில் 1994இலிருந்து சோமாலிலாந்து ஷில்லிங் ஓடுகிறது. அவர்களின் ஆசிரியருக்கு மொகடிஷு சம்பளம் கொடுப்பதில்லை. இரண்டும் ஒன்றல்ல, தம்பி.

சுனாமிக்குப் பிறகு நடந்ததும் நினைவிருக்கட்டும். அரசுக்கும் புலிகளுக்கும் இடையிலான நிவாரணப் பொதுக்கட்டமைப்பு 2005 ஜூன் 24இல் கையெழுத்தானது. அங்கீகாரம் அல்ல, வெறும் நிவாரணம். மூன்றே கிழமையில், ஜூலையில் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளுக்குத் தடை போட்டது. வாடியில் இருந்த சனத்துக்குப் போக வேண்டிய பணத்தைப் பகிர ஒரு மேசை போடவே இவ்வளவு பாடு. மற்ற நாட்டுச் சபைகள் எழுதும் தாள்களில் நான் நம்பிக்கை வைக்காததற்கு இந்த ஊரில் கண்ட காரணங்களே போதும்.

அக்கராயன் அக்கா

வாசித்துக்கொண்டே இருந்தேன். ஒருவரும் தொடாத பக்கம் ஒன்று இருக்கிறது.

நான் கிளிநொச்சியில் ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். காணி உறுதி எழுதுவதும் பழைய பதிவு தேடுவதும்தான் வேலை. அந்தக் காலத்து நீதிமன்றத் தீர்ப்போடு இன்றும் ஆட்கள் வருகிறார்கள். ஒரு அம்மா கொண்டுவந்தது என் கண்ணிலேயே நிற்கிறது. எல்லை வழக்கு. தீர்ப்புத் தாளை லமினேட் பண்ணி வைத்திருந்தார், ஆனால் அதற்கு முந்தியே தண்ணீர் பட்டு மை பரவிவிட்டது. வடக்கு எல்லையில் நிற்கும் பாலை மரம் வரைக்கும் என்ற வரி மட்டும் தெளிவாக இருந்தது. அண்ணனும் தங்கையும் அந்தத் தீர்ப்பை ஏற்று வேலி போட்டு, இடப்பெயர்வு வரைக்கும் சண்டையில்லாமல் இருந்தார்கள். திரும்பி வந்த பிறகு அண்ணனின் மகன் வேலியைப் பிடுங்கினான். ஒரு அரச அலுவலகத்தில் தாளை நீட்டினால் அந்த உத்தியோகத்தர் கையில் வாங்கவே இல்லையாம். அவர் பயந்திருக்கவும் கூடும். ஆனால் அம்மாவுக்கு வேலி போய்விட்டது.

எங்கள் சட்டத்தரணி ஐயா இதைப் பற்றி ஒரு நாள் இரண்டு வழக்குகளைச் சொன்னார். பிறகு நானே தேடி வாசித்தேன்.

முதலாவது அமெரிக்காவில், 1869, டெக்சஸ் எதிர் வைட். உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன மாநிலங்கள் தோற்ற பிறகு வந்த வழக்கு. பிரிந்தது செல்லாது என்று நீதிமன்றம் அடித்துச் சொன்னது. அதே தீர்ப்பில், அந்தக் காலத்தில் சனத்தின் ஒழுங்குக்காக நடந்தவை, கலியாணம், வாரிசுரிமை, காணி கைமாறுவது போன்றவை, பொதுவாகச் செல்லும் என்றும் சொன்னது. இரண்டாவது நமீபியா பற்றி 1971இல் சர்வதேச நீதிமன்றம் கொடுத்த ஆலோசனைக் கருத்து. தென்னாபிரிக்கா அங்கே இருப்பது சட்டவிரோதம், ஆனால் அந்த நிர்வாகத்தில் பதிந்த பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளை இல்லையென்று சொன்னால் பாதிக்கப்படுவது அங்குள்ள சனம்தான், ஆகவே அவற்றைத் தள்ளக் கூடாது என்றது.

சோமாலிலாந்தில் 34 வருடத்துக்கு மேலாகப் பிறந்து, படித்து, காணி வாங்கி, விவாகரத்து எடுத்த சனம் இருக்கிறது. நாளைக்கு அங்கீகாரம் வரலாம், வராமலும் போகலாம். அவர்கள் கையில் இருக்கும் தாளுக்கு என்ன மதிப்பு? எனக்குக் கொடியைவிட இது பெரிய கேள்வி.

நீராவிப்பிட்டி நானா

அக்காவின் எழுத்துக்குப் பிறகு நானும் எழுதத்தான் வேண்டும்.

தம்பி கனகராயன்குளம், உங்கள் முதல் பதிவில் சோமாலிலாந்து என்றால் எல்லாரும் ஒரே மனம் என்பது போல இருக்கிறது. லாஸ் அனோட் என்று கிழக்கே ஒரு நகரம். அங்குள்ள துல்பகந்தே குலத்தவரில் பெரும்பாலானவர்களுக்கு இந்தப் பிரிவு ஒருபோதும் பிடிக்கவில்லை. 2001 வாக்கெடுப்பில் 97 சதவீதம் ஆம் என்கிறார்கள், ஆனால் அந்தப் பக்கத்தில் வாக்களிப்பே குறைவு. 2023 பெப்ரவரியில் லாஸ் அனோட்டில் சண்டை வெடித்தது. சோமாலிலாந்துப் படை நகரத்துக்குள் எறிகணை அடித்தது, ஆஸ்பத்திரியும் தப்பவில்லை. இலட்சத்துக்கு மேல் ஆட்கள் ஓடினார்கள். ஓகஸ்டில் படை பின்வாங்கியது. ஹர்கெய்சாவில் குண்டு வாங்கியவர்களின் அரசு இன்னொரு நகரத்துக்கு எறிகணை அடித்தது.

சட்டமூலமோ 'சோமாலிலாந்து என்று அறியப்படும் நிலத்துக்கு' சோமாலியா உரிமை கோர முடியாது என்கிறது. லாஸ் அனோட்டும் அந்த நிலத்துக்குள்தான் வருகிறது. அங்குள்ளவர்களிடம் யார் கேட்டார்கள்?

நான் 1990இல் சிறுவன். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களான எங்களைப் புலிகள் வெளியேறச் சொன்னபோது வாப்பா கடையின் திறப்பைப் பக்கத்து வீட்டு ஐயாவிடம் கொடுத்துவிட்டு வந்தார். புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தேன். ஆகவே நடைமுறை அரசுக்கு நிலம் இருந்தது, சனம் இருந்தது என்று எண்ணிக் காட்டும்போது, அந்தச் சனத்தில் நாங்களும் இருந்தோமா என்று ஒரு தடவை கேளுங்கள். மொண்டெவிடியோவின் நான்கில் இந்தக் கேள்வி இல்லை.

ஸ்காபரோ மாங்குளம்

நானா, அது நடந்திருக்கக் கூடாது. அதில் எனக்கு வாதமே இல்லை. மாங்குளத்தில் எங்கள் வீட்டுக்கும் துணி கொண்டுவந்து விற்ற நானா ஒருவர் இருந்தார், அந்த வருடத்துக்குப் பிறகு நாங்கள் அவரைக் காணவில்லை.

ஆனால் உள்ளே இருக்கும் சிறுபான்மையின் பிரச்சினையைக் காட்டி முழு மக்களின் கோரிக்கையையும் ஒத்திவைத்தால் உலகத்தில் எந்த நாடும் பிறந்திருக்காது. லாஸ் அனோட்டுக்குத் தனி ஏற்பாடு செய்யுங்கள். அதற்காக ஹர்கெய்சாவை இன்னொரு முப்பது வருடம் காக்க வைக்கலாமா?

கனகராயன்குளத்தான்

நானாவின் கேள்விக்கு நான் நேராகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் சட்டம் வேண்டும் என்று வாதாடுகிறவன் நான்.

கொசோவோவைப் பாருங்கள். 2008 பெப்ரவரி 17இல் பிரகடனம். 2010 ஜூலை 22இல் சர்வதேச நீதிமன்றம், அந்தப் பிரகடனம் சர்வதேச சட்டத்தை மீறவில்லை என்று ஆலோசனை சொன்னது. அது மட்டும்தான் சொன்னது. கொசோவோ நாடா இல்லையா என்று சொல்லவில்லை. இலங்கை இன்றுவரை கொசோவோவை அங்கீகரிக்கவில்லை, ஏன் என்பது எல்லாருக்கும் விளங்கும். ஆனால் கொசோவோவின் அரசியலமைப்பில் 120 ஆசனங்களில் 20 சிறுபான்மையினருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது, அதில் 10 செர்பியருக்கு. அது தானாக வரவில்லை. அங்கீகரிக்கப் போகிற நாடுகள் ஐ.நா. தூதர் அஹ்திசாரியின் திட்டத்தை முன்னால் வைத்து, இதை எழுதினால்தான் என்று நின்றதால் வந்தது. அங்கீகாரத்துக்கு முந்திய நாள்தான் ஒரு புதிய அரசிடம் எதையும் வாங்கக்கூடிய நாள். அதற்குப் பிறகு யாரும் கேட்கப் போவதில்லை. ஸ்கொட் பெரியின் சட்டமூலத்தில் அப்படி ஒரு நிபந்தனையும் இல்லை. அது அதன் குறை, சட்டமே வேண்டாம் என்பதற்குக் காரணமாகாது.

அக்காவின் கேள்விக்கும் ஒரு சட்டத்தில் பதில் இருக்கிறது. 1979 ஜனவரி 1இல் கார்ட்டர் தாய்வானுக்கான அங்கீகாரத்தை எடுத்து பீஜிங்குக்குக் கொடுத்தார். ஒரே இரவில் தாய்வான் அமெரிக்காவின் கண்ணுக்கு நாடில்லாமல் போனது. ஒப்பந்தம், சொத்து, வழக்கு எல்லாம் அந்தரத்தில். காங்கிரஸ் உட்கார்ந்து தாய்வான் உறவுகள் சட்டத்தை எழுதியது. ஏப்ரல் 10இல் கையெழுத்தானது. வெளிநாடு என்று அமெரிக்கச் சட்டங்களில் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் தாய்வானுக்கும் பொருந்தும். அங்கீகாரம் இல்லை என்பதால் சொத்துரிமையோ வழக்காடும் உரிமையோ போகாது. இருந்த உடன்படிக்கைகள் தொடரும். தூதரகத்தின் இடத்தில் ஒரு நிறுவனம். 45 வருடத்துக்கு மேலாக அந்தச் சட்டத்தில்தான் எல்லாம் ஓடுகிறது.

மாஸ்ரர், சிவொடொவ்ஸ்கி தீர்ப்பு காங்கிரஸ் எதைச் செய்ய முடியாது என்று சொன்னது. எதைச் செய்ய முடியும் என்று தாய்வான் சட்டம் காட்டுகிறது. நிதி, வர்த்தகம், தூதுவர் நியமனத்துக்குச் செனட்டின் சம்மதம், நீதிமன்றத்தில் நிற்கும் உரிமை எல்லாம் காங்கிரஸின் கையில் இருக்கிறது.

பரந்தன் மாஸ்ரர்

தாய்வான் உதாரணம் நல்ல உதாரணம். ஆனால் தாய்வானிடம் அன்றைக்கே தொழிற்சாலையும் வர்த்தகமும் இருந்தன, வொஷிங்டனில் முப்பது வருட நண்பர்கள் இருந்தார்கள். சோமாலிலாந்து பெர்பெராவில் ஆடும் ஒட்டகமும் ஏற்றி விற்கிற நாடு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் காசில் வீடு கட்டுகிற நாடு. அங்கீகாரம் இல்லாததால் உலக வங்கியில் நேரடியாகக் கடன்கூட எடுக்க முடியாது. தாய்வானுக்குச் செய்ததை இவர்களுக்கும் செய்வார்கள் என்று நம்ப எனக்கு ஆதாரம் காட்ட வேண்டும்.

பிரித்தானியாவின் கீழ்ச்சபை 2014 ஒக்டோபரில் பலஸ்தீனத்தை அங்கீகரிக்கச் சொல்லி 274க்கு 12 என்று வாக்களித்தது. கட்டுப்படுத்தாத வாக்கு. அரசாங்கம் அங்கீகரித்தது 2025 செப்டெம்பர் 21இல். நடுவில் 11 வருடம். காஸா தரைமட்டமான பிறகு. அந்த 274 கைகள் தூக்கியதால் ஒரு வீடாவது தப்பியதா?

கனகராயன்குளத்தான்

வீட்டைக் காப்பாற்றவில்லை, மாஸ்ரர். அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் 2025இல் அந்த அரசாங்கம் எழுந்து அறிவித்தபோது, அதே சபை 11 வருடத்துக்கு முன்பே பெரும்பான்மையாகச் சொன்னதைத்தான் செய்தது. அந்தப் பழைய வாக்கு இல்லாவிட்டால் அவசரத்தில் எடுத்த முடிவு என்று சொல்லித் தள்ளுவது இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

அக்கராயன் அக்கா

தாய்வான் சட்டத்தின் நான்காம் பிரிவைத் தேடி வாசித்தேன். நான் கேட்டது அதில் இருக்கிறது. சோமாலிலாந்துச் சட்டமூலத்தில் இல்லை. அங்கீகரிப்பதா இல்லையா என்பதை ஜனாதிபதியிடம் விட்டுவிடட்டும். அங்குள்ள பிறப்புப் பத்திரமும் விவாகப் பதிவும் காணித் தீர்ப்பும் எங்கள் நீதிமன்றங்களில் சான்றாக எடுக்கப்படும் என்று ஒரு வாசகத்தைச் சேர்த்தால் ஜனாதிபதியின் அதிகாரத்திலும் கை வைத்ததாகாது. மாஸ்ரர் சொன்ன தீர்ப்பும் குறுக்கே நிற்காது.

நீராவிப்பிட்டி நானா

அதையே லாஸ் அனோட் சனத்தின் பதிவுகளுக்கும் சேர்க்கட்டும் அக்கா. அவர்கள் இப்போது வேறு நிர்வாகத்தில் பதிகிறார்கள். எந்தப் பக்கம் எல்லை விழுந்தாலும் தாள் செல்ல வேண்டும்.

வவுனிக்குளம்

இந்தச் சட்டமூலம் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும்?

கனகராயன்குளத்தான்

இந்தக் காங்கிரஸ் 2027 ஜனவரி 3இல் முடிகிறது. அதற்குள் இரண்டு சபையும் நிறைவேற்றி ஜனாதிபதி கையெழுத்திடாவிட்டால் இதுவும் போய்விடும். இதே பெயரில் அவர் 2024 டிசம்பரில் கொண்டுவந்தது சில கிழமையில் அப்படித்தான் போனது, ஆறு மாதத்தில் மறுபடி கொண்டுவந்தார். 2022இல் செனட்டில் வந்த சோமாலிலாந்து கூட்டாண்மைச் சட்டமூலமும் தனியாக நிறைவேறவில்லை. ஆனால் அதிலிருந்த சில பகுதிகள் அந்த வருடக் கடைசியில் பாதுகாப்புச் செலவுச் சட்டத்துக்குள் சேர்ந்து சட்டமாகின. முழுதாகத் தோற்காமல் துண்டு துண்டாக உள்ளே போவதும் நடக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருப்பது அந்த வழியைத்தான்.

பரந்தன் மாஸ்ரர்

நான் பார்த்துக்கொண்டிருப்பது வேறு. வெளிவிவகாரக் குழு இதற்குச் சாட்சி கேட்கும் நாள் வந்தால், சாட்சிப் பட்டியலில் லாஸ் அனோட்டிலிருந்து ஒருவரின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பேன். துறைமுக நிபுணரும் படை அதிகாரியும் மட்டும் இருந்தால் என் நிலைப்பாடு இதேதான்.

கனகராயன்குளத்தான்

அழைக்க வேண்டும் என்பதில் எனக்கும் இரண்டு கருத்தில்லை, மாஸ்ரர். அழைக்காவிட்டால் அந்தப் பிழையைச் சுட்டி எழுதுவேன், சட்டமூலம் வேண்டும் என்றும் எழுதுவேன்.